சொட்டையில் தூவிய விதை

"அது செத்துத் தொலைஞ்சா நிம்மதியா இருப்பேண்ணே. சாகாதே, அதான் பயமா இருக்கு."

அல் ஐனிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொன்னார். இருவரும் குதிரைமசால் என்ற தீவனப் பயிர் விளைக்கும் ஒரே பண்ணையின் ஆட்கள்.

"எதுடா?"

"குதிரைமசால்ண்ணே. சாதா வயல்ல அங்கங்க சொட்டையா இருந்துச்சு. பாக்கச் சகிக்கல. சிவப்பு வாளியில மிச்சம் கிடந்த விதையத் தூவிட்டேன்."

"அடப்பாவி, அது களைக்கொல்லிக்குச் சாகாம இருக்க மரபணு மாத்துன விதைடா! ரெண்டும் கலந்துரக் கூடாதுன்னுதானே மிஷினைக்கூட கழுவிட்டு ஓட்டுறோம்?"

"ஊர்ல சொட்டை விழுந்தா நிரப்பியே பழக்கம். கை தானா போயிருச்சுண்ணே."

"முளைச்சிருச்சா?"

"முழங்கால் உயரம் நிக்குது. எது எதுன்னு எனக்கே தெரியல. நாலு நாள்ல பூத்துரும். வரப்பு ஓரமா தேனீப் பெட்டி வேற இருக்கு."

"பண்ணை இன்ஜினியர்கிட்ட சொல்லிடு."

"சொன்னா, எது எதுன்னு தெரிய களைக்கொல்லி அடிச்சுப் பாப்பாங்களாமே?"



"ஆமா. சாதாப் பயிரு அம்புட்டும் கருகிடும். உன் கை போன இடம் மட்டும் பச்சையா நிக்கும்."