ஐஸ் வண்டிக்கு அந்தப் பக்கம்

— ஆறாயிரத்து முந்நூத்தி நாப்பது ரூவா, ஹுமாயூன் பாய். அத எண்ணி வெக்கிற வரைக்கும் நான் இந்தக் குதுரய விட்டு எறங்கமாட்டேன். இப்பிடியே நெல்லிக்குப்பத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போயி என் தீவனக் கட வாசல்ல கட்டிடுவேன்.

— போங்க பழனிவேல் மாமா, நான் வாணாங்கல. நாலு மாசத் தவிட்டுக் காசு, நியாயந்தான். ஆனா காலையிலேருந்து மூணு தடவ கெளம்பிட்டீங்க. மூணு தடவயும் ஐஸ் வண்டி வரைக்கும் போயிட்டு இங்கியே வந்து நிக்கிறீங்க.

— என்னா குதுர பாய் இது. ரோடு அந்தப் பக்கந்தான இருக்குது?

— பீச்சுக் குதுர மாமா. அம்பது ரூவா சவாரி அந்த ஐஸ் வண்டி வரைக்குந்தான். ஜில்லுவுக்கு அதோட ஊரு முடிஞ்சிது. தானாத் திரும்பிடும்.

— இன்னொரு தரம் பாத்துடறேன். ஹை. நட சனியனே.

— வயித்துல ஒதைக்காதீங்க, அதுக்கும் ரோஷம் இருக்கு.

— திரும்புது பாரு. மறுபடியும் திரும்புது. ஐஸ்காரன்கூட சிரிக்கிறான் பாய்.

— அவனுக்கு ஏவாரம் இல்ல, சிரிச்சிட்டுப் போறான். தண்ணி குடிக்கிறீங்களா?

— வாணாம். எம்மவன் இளவரசு மட்டும் எப்பிடி இத ரோடு வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போனான்?

— சொன்னா எங்குதுர போயிடும். இது போனா எங்கூட்டு அடுப்பு எரியாது.

— அப்ப சொல்லாத.

— தவிட்டு மூட்ட எறக்க வந்தவன்தான. அப்ப அவனுக்கு என்னா வயசு இருக்கும்?

— பதினேழு. பேச்சு திக்கும். கடைக்கி வர்றவன் கொள்ளு என்னா வெலன்னு கேட்டா, கொ கொன்னு நிப்பான். நான் கத்துவேன். கத்துனா இன்னும் ஜாஸ்தியாத் திக்கும்.

— குதுர மேலயும் அப்பிடித்தான் வெறச்சிப்போயி உக்காந்திருப்பான். உனக்கும் அவசரமில்ல, அதுக்கும் அவசரமில்லன்னு சொல்லுவேன். ஒரு வருசம் அத மட்டுந்தான் சொன்னேன்.

— வேற ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியா?

— இல்ல. ஒரு நாள் ஐஸ் வண்டிகிட்ட ஜில்லு நின்னுது. திருப்பாம அவனும் சும்மா இருந்தான். அப்பறம் குனிஞ்சி ‘போலாமா’ன்னு கேட்டான். திக்கித் திக்கித்தான் கேட்டான். முடிக்கிற வரைக்கும் அது காதத் தூக்கிக்கிட்டு நின்னுது. அப்பறம் நடந்துது. இன்னைக்கி சிதம்பரத்துல சின்னப் புள்ளைங்களுக்கு அவன் சவாரி சொல்லிக் குடுக்குறான்.

— தெரியும். கடய விட்டுட்டுப் போறவன் எனக்குப் புள்ளயே இல்லன்னு சொன்னது நான்தான. அப்பவும் வாரத்துக்கு ஒரு போனு போடுவான். சீக்கிரம் சொல்லுடான்னு கத்துவேன். திக்குவான். வெச்சிடுவேன்.

— நீங்க இப்பவும் கடிவாள வார இழுத்துத்தான் புடிச்சிருக்கீங்க மாமா. சவாரிக்கி ஏறுற எல்லாரும் பயந்துபோயி ஐஸ் வண்டிகிட்டதான் இழுப்பாங்க. இழுத்தா திரும்பணும்னு அது கத்துக்கிச்சி. தளத்தி விட்டா திரும்பாது.

— பாய், நீ சொல்லிட்ட.

— சொல்லிக்குடுத்தே பழகுன வாயி. நிக்க மாட்டேங்குது.

— சரி, போறேன். நீயும் கூடவே நடந்து வா. ஐஸ் வண்டி வந்துடிச்சி. வார தளத்தி விட்டுட்டேன். திரும்பல பாய், நிக்குது.

— நிக்கட்டும். அது தலயப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க.

— ரொம்ப நேரமா நிக்குதே.

— உங்களுக்கு அவசரமா?

— இல்ல. போலாமா, ஜில்லு?

— பேசாம இருங்க. அது யோசிக்கட்டும்.

— பாய். ஐஸ் வண்டி பின்னாடி போயிடிச்சி.

— ஆமா மாமா, ரோடே வந்துடிச்சி. இனிமே நெல்லிக்குப்பம் வரைக்கும் நிக்காது. கொள்ள ஊறவெச்சிக் குடுங்க, பச்சயாக் குடுத்தா வயித்த வலிக்கும். லாரி ஆரன் அடிச்சா மெரளும், கழுத்தத் தடவிக் குடுங்க.

— இந்தா, வாரப் புடி. என்ன எறக்கி வுடு. அந்த ஆறாயிரத்து முந்நூத்தி நாப்பது தீந்துபோச்சி.

— மாமா, அவனுக்கு ஒரு போனு போடுங்களேன்.

— போனுன்னா கத்திடுவேன். சிதம்பரம் பஸ்ஸு எங்க நிக்கும், சொல்லு.