சிவப்பா பச்சையா

— இன்னொரு தபா பாரு முப்பிடாதி. அவசரமே இல்ல. இந்த ஒயரு இன்னா கலரு?

— பச்சைதான் செந்தாமரைக்கா. எத்தன வாட்டி கேப்பிய? டீ ஆறுது.

— ஆறட்டும். இது?

— இதுவும் பச்சை. கொஞ்சம் அழுக்கா இருக்கு.

— அழுக்கு இல்லபா, அது பிரவுனு. சரி, இது?

— இப்ப காட்டுனியளே, அதே பிரவுனு.

— இது சேப்பு.

— வெளையாடாதியக்கா.

— நானா வெளையாடுறேன்? நேத்து டெஸ்டிங்லேந்து பதினோரு ஒயர் கட்டு திரும்பி வந்துச்சே, பூரா நீ கட்டினது. பச்சை போற எடத்துல பிரவுன சொருவி வச்சிகீற. நம்ம லைன்ல எல்லாரும் என்னையத்தான் கேட்டாங்க, உன் ஆளு தூங்கிகினு வேலை பாக்குறானான்னு.

— அது ஒயரு தொங்குற ராக்கை மாத்தி வச்சிட்டாவள்ளா! எட்டு மாசமா மூணாவது கொக்கியில பச்சை, நாலாவதுல பிரவுனு. கை தானாப் போவும். நேத்து காலையில வந்து பாத்தா எல்லாம் எடம் மாறிக் கெடக்கு.

— கொக்கி மாறுனா இன்னா? கலரப் பாத்து எடுக்க வேண்டியதுதான?

— பாத்துத்தான் எடுத்தேன்.

— அதான் தம்பி எனக்கு நேத்துலேந்து கொடையுது. நீ பாத்துதான் எடுத்திருப்ப. உனுக்கு கலர்குருடு.

— குருடா? ஏன்க்கா இப்படிச் சொல்லுதிய? சேரும்போது டாக்டரு கடைசி வரி பொடி எழுத்தையே வாசிக்கச் சொன்னாரு, கடகடன்னு வாசிச்சேன். கண்ணு நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாரு.

— எழுத்து தெரியும். கருப்பு வெள்ளைக்கு இன்னா? கண்ணுக்குள்ள கலரப் புடிக்கிறது மூணு தினுசு கீதாம். அதுல ஒண்ணு சரியா இல்லன்னா சேப்பு, பச்சை, பிரவுனு எல்லாம் ஒண்ணாக் கலந்துக்கும். டியூசன் பசங்களுக்குன்னு ஒரு கேள்வி பதில் புஸ்தகம் வச்சிருக்கேன், நேத்து வூட்டுக்குப் போயி அதைத்தான் பொரட்டுனேன்.

— அப்ப நான் இம்புட்டு நாளா பச்சைன்னு எதைப் பாத்தேன்?

— அத்த நான் எப்படிபா சொல்லுவேன்? உன் கண்ணால நான் பாத்தாத்தான தெரியும்.

— நீங்க பாக்கது எப்படி இருக்கும்?

— இன்னாத்தச் சொல்ல? சேப்பு சேப்பா இருக்கும்.

— ஒண்ணும் வெளங்கலக்கா. மிளகாப்பழம் பறிக்கப் போனா நான் காயையும் சேத்துப் பிடுங்கிருவேன். அப்பா கம்பெடுத்து விளாசிருவாவ, சோம்பேறிப்பய பாக்காமப் பறிக்கான்னு. மத்தவங்களுக்கெல்லாம் பழமும் காயும் தள்ளி நின்னாலே வேற வேறயாத் தெரியுமா? நான் தொட்டுப் பாத்துல்ல கண்டுபிடிச்சேன்!

— தள்ளி நின்னாலே தெரியும் தம்பி.

— அடி வாங்குனதெல்லாம்?

— அழுவாத. கேண்டீன்ல எல்லாரும் பாக்குறாங்க.

— அழல. வேலை போயிருமாக்கா?

— போவாது. சூப்பர்வைசர் ராஜாமணி சாராண்ட நானே பேசுறேன். ஒயரு முனையில டெர்மினல் அடிக்கிற மெஷின்ல போடச் சொல்றேன். அங்க நம்பர் பாத்தாப் போதும், கலர் தேவையில்ல. நீ ஒண்ணும் கெட்டுப் போவல. டால்டன்னு ஒருத்தரு, அணுவப் பத்தி எழுதினாரே, அவருக்கே இது இருந்துச்சு.

— விஞ்ஞானிக்கா?

— ஆமா. அவங்க அம்மாவுக்கு மங்கலா ஒரு நீலக் கலர்ல காலுறை வாங்கினு போனாராம். அந்தம்மா பாத்துட்டு, இன்னாடா இது, இவ்ளோ சேப்பா பளபளன்னு வாங்கியாந்தா நான் கோயிலுக்கு எப்படிப் போட்டுகினு போவேன்னு கேட்டாங்களாம். இவரு நம்பல. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுனாரு. அண்ணனும், நீலம்தான், அம்மாவுக்குத்தான் கண்ணுல ஏதோ கோளாறுன்னுட்டாரு.

— அண்ணனுமா?

— அவருக்கும் அதே கண்ணு. டால்டன் தன் கண்ணுக்குள்ள நீலமா ஏதோ தண்ணி கீதுன்னு நெனச்சிகினு, செத்தப்புறம் அறுத்துப் பாருங்கன்னு சொல்லிட்டுச் செத்தாரு. டாக்டர் அறுத்துப் பாத்தா நல்ல தெளிஞ்ச தண்ணியா இருந்துச்சாம். ரொம்ப வருசம் கழிச்சுத்தான் காரணம் தெரிஞ்சுது.

— ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு எப்படிக்கா வரும்?

— அம்மா வழியா. பொம்பளையாண்ட இதுக்கான ஜீனு ரெண்டு இருக்கும். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு தாங்கிக்கும், அதனால அவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆம்பளைக்கு ஒண்ணுதான்.

— எங்க அம்மைக்கு வந்தது அவிய அம்மைகிட்ட இருந்தா?

— இருக்கலாம். இல்லன்னா அவங்கப்பாவாண்டேந்து.

— அம்மைகூடப் பொறந்த தம்பி ஒருத்தர் இருந்தா?

— தாய்மாமனா? அவருக்கும் இருக்கலாம். இன்னாபா, ஏன் கேக்குற?

— நம்பிராஜன் மாமா லாரி ஓட்டுனாவக்கா. எனக்குப் பதினோரு வயசு. வத்தல் மூட்டை ஏத்திக்கிட்டு விருதுநகருக்குப் போறோம், அப்பாவும் வண்டியில. வழியில ரோடு போட்டுக்கிட்டு இருந்தாவ. ஒரு பக்கம்தான் வழி. ஒருத்தன் கொடி பிடிச்சு நிக்கான். மாமா வண்டிய விட்டாவ. எதுத்தாப்புல லாரி வந்துட்டு.

— ஐயோ. அப்பா?

— அங்கேயே போயிட்டாவ. மாமா குடிச்சிருந்தான்னு ஊரே சொல்லுச்சு. பச்சைக் கொடி காட்டுனான், அதான் எடுத்தேன்னு மாமா எல்லார் கால்லயும் விழுந்து சொன்னாவ. யாரும் நம்பல. ஒன்றரை வருசம் ஜெயில்ல இருந்துட்டு வந்து இப்ப எங்கயோ ஆடு மேய்க்காவ. அம்மை இன்னைக்கு வரைக்கும் அவிய முகத்துல முழிக்கல.

— கொடி நெஜமா இன்னா கலரு?

— சிவப்பு. நான்தான் கோர்ட்டுல சாட்சி சொன்னேன்.

— நீயா? நீ எங்க இருந்த?

— வண்டியில, முன்னால. அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவுல.

— முப்பிடாதி, உன் கண்ணுக்கு அது இன்னா கலராத் தெரிஞ்சுது?

— பச்சைக்கா. எல்லாரும் சிவப்புன்னாவ, நாமதான் சரியாப் பாக்கலன்னு நெனச்சு நானும் சிவப்புன்னு சொல்லிட்டேன்.