சண்முகவேல் சாரு வாங்கினு போனது

மொத தப்பு சண்முகவேல் சாரு மேல தான் மேடம். நீங்க கேட்டீங்களேன்னு சொல்றேன், நானா யாரப் பத்தியும் கொற சொல்ற ஆளு இல்ல. இந்த நெட்டுக்குப்பத்துல யார வேணா கேளுங்க, தாமோதரன் எப்பிடின்னு. எவன் கூடயும் சண்ட கெடியாது. மூணு பேரு கூட ஒண்டி பேசறதில்ல. அதுல ஒருத்தரு, அதோ கரையில பேண்ட்ட மட்ச்சு உட்டுகினு நிக்கிறாரே, உங்கள என் போட்டுல ஏத்தி உட்டாரே, அவரு தான்.

மெதுவா குந்துங்க. நடுவுல. பலகைய புட்ச்சிக்குங்க. ஒண்ணும் ஆவாது. ஆராய்ச்சிக்கு லேப்பு குடுக்கலாமா வேணாமான்னு பாக்க வந்தவங்களத் தண்ணில கவுத்துட்டா அப்பால காலேஜுக்கு யாரு குடுப்பாங்க? பழி என் தலையில உயும். எனக்கு இன்னாத்துக்கு அது.

பேசறதில்லன்னா போட்டு ஒண்டி எப்பிடி ஓட்றேனா? அது வேற, இது வேற. சாருக்கு சேறு எடுக்கணும், தண்ணி எடுக்கணும்னா என் போட்டு தான். வேற எவன் போட்லயாவது ஏறட்டும், அப்ப தெரியும் சேதி. நடுவுல செல்லம்மா கீறா, என் வூட்டுக்காரி. அவ தான் எங்களுக்கு டெலிபோனு. செல்லம்மா, சாரு டீ குடிக்கிறாரான்னு கேளு. செல்லம்மா, தாமோதரனண்ட நாளைக்குத் தண்ணி எப்ப வத்தும்னு கேளும்மா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல தான் குந்தினு கீறோம். அவ பாவம் இந்தப் பக்கம் ஒரு தடவ, அந்தப் பக்கம் ஒரு தடவ திரும்பி கழுத்து சுளுக்கிக்கும்.

இன்னா தப்பு பண்ணாரா? என் வூட்லர்ந்து ஒண்ணு வாங்கினு போனாரு. திருப்பிக் கொண்டாந்து தரேன்னு வாயத் தொறந்து சொல்ட்டு தான் வாங்கினு போனாரு. தரல. பணமா? சே, அவராண்ட ஏது, இன்னும் அந்த ஓட்ட ஸ்கூட்டர ஒதச்சிகினு கீறாரு. இஞ்சினா? அத்த வெச்சுகினு அவரு இன்னா பண்ணப் போறாரு, ஸ்கூட்டர்ல மாட்டுவாரா? நீங்க யோசிச்சிகினே வாங்க. எடம் வர்றதுக்கு நேரம் கீது.

இருங்க இருங்க. இந்தக் கூட்டத் தூக்கிக் காட்ட சொன்னாரு. செல்லம்மா வழியா தான். நண்டு வுயுற கூடு இது, உள்ள மீன் தல கட்டி எறக்கி வெப்போம். தோ, ஒண்ணு கீது பாருங்க. நல்ல சேத்து நண்டு.

அடடே. கைய எடுங்க மேடம். கடிக்கும்னு சொல்லல, கடிக்கவும் கடிக்கும். முதுகுல பாருங்க. செவப்பா ஒரு பொட்டு கீதா? அத்த புடிக்கக் கூடாது. கண்ணுல ஒத்திக்க வேணாம், கும்புட்டாப் போதும். போ தாயி, போ.

சிரிக்கிறீங்க. சிரிங்க. இதுக்குப் பேரு அம்மன் நண்டு. எங்க தாத்தன் காலத்துலர்ந்து வர்ற வழக்கம்னு நெனச்சீங்களா? இத்த ஆரம்பிச்சு உட்டதே உங்க சண்முகவேல் சாரு தான். அம்மனுக்கே பின்னால தான் தெரியும்.

அவரு நண்டு, நத்த, புழு பாடம் எடுக்குற வாத்தியாரு. இது டிகிரி படிக்கிற காலேஜு தானே. காலைலர்ந்து பாடம், அப்பால பேப்பர் திருத்தறது, அப்பால எவனாவது பெஞ்ச ஒடச்சா அந்தப் பஞ்சாயத்து. ஆராய்ச்சின்னு ஒண்ணு பண்ணனும்னா ஞாயித்துக்கிழம தான். ஊருல ஒவ்வொருத்தனும் கறி துன்னுட்டு குப்புறப் படுத்துகினு கீறப்ப, இவரு படிக்கிற பசங்கள இட்டுகினு வந்து எங்க சேத்துல எறங்குவாரு. எறங்கும்போது வாத்தியாரு, ஏறும்போது எருமமாடு. பாத்தவன்லாம் சிரிச்சான். நானும் தான்.

நண்டு எங்க திரியுது, எங்க போவ மாட்டன்னுதுன்னு கண்டுபுடிக்கணுமாம். அதுக்கு நண்டப் புட்ச்சு, முதுகுல பொட்டு வெச்சு, தண்ணில உட்டுடறது. திரும்ப எங்க ஆம்புடுதுன்னு பாக்கறது. எல்லாம் சரி. பொட்டு இன்னாத்துல வெச்சாங்க? படிக்கிற பொண்ணுங்க கொண்டாந்த நெயில் பாலிஷ். நல்ல செவப்பு. எப்ப? ஆடி மாசம். தெருத் தெருவா அம்மனுக்குக் கூழ் ஊத்திகினு கீறாங்க.

மீனவர் சங்கத்துக்கு வந்து மைக்கப் புட்ச்சு சொன்னாரு, பொட்டு வெச்ச நண்டு ஆம்புட்டா எனக்கு சொல்லுங்க, எந்த எடம்னு ஒண்டி சொன்னாப் போதும்னு. நாங்க ஆம்பளைங்கல்லாம் தலைய ஆட்னோம். ஆனா பாருங்க, நாங்க கடலுக்குப் போறவங்க. இங்க சேத்துல கைய உட்டு நண்டு புடிக்கிறது பூரா பொம்பளைங்க. அவுங்களாண்ட சாரு ஒரு வார்த்த சொல்லல. நாங்க போய் சொல்லலியாவா? நல்லாக் கீதே. சங்கத்துல பேசினத வூட்ல போய் சொல்ற ஆம்பள எந்த ஊர்ல கீறான் மேடம்?

மொத பொட்டு நண்டு செல்லம்மா கைல தான் ஆம்புட்டுது. பாத்தா. யாரோ வேண்டிகினு குங்குமம் இட்டு அம்மனுக்கு உட்டுகீறாங்கடி, தொட்டாக் குடும்பத்துக்கு ஆவாதுன்னுட்டா. கண்ணுல ஒத்திகினு உட்டுட்டா. அவ்ளோ தான். ஒருத்தி சொன்னா பத்து பேரு. அதுல மலிகான்னு ஒருத்தி, ரொம்ப நாளா கொழந்த இல்லாதவ, நண்ட மடியில வெச்சு அழுதுட்டு தண்ணில உட்டா. அடுத்த ஆடிக்கு வயித்தத் தள்ளிகினு கூழ் வாங்க வந்தா. அப்பால எவ அந்த நண்டு மேல கைய வெப்பா?

சாருக்கு ஒண்ணு கூடத் திரும்பல. ஒத்த நண்டு. மனுசன் எளச்சுப் பூட்டாரு. தண்ணில விஷம் ஏறி நண்டு பூரா செத்துட்ச்சுன்னு பேப்பருக்குக் குடுக்க எழுதி வெச்சுட்டாரு. பிரின்சிபாலு வேற கூப்ட்டு உட்டு, சண்முகவேலு, இது பாடம் நடத்துற காலேஜா, நண்டு புடிக்கிற காலேஜான்னு கேட்டாராம். அவரு கேட்டதுலயும் தப்பு இல்ல.

அப்ப தான் அம்முன்னு ஒரு பொண்ணு. எங்க குப்பம் தான். சாரு கிளாசுல ரெண்டாவது வருசம், கடசி பெஞ்சு. சேத்துல எறங்குற கும்பல்ல அது சேரல. வூட்ல செய்யுறத காலேஜ்ல போயும் செய்யணுமான்னு கேக்கும். சாரு கிளாசுல நின்னுகினு நண்டு செத்த கதைய சொல்லி வருத்தப்பட்றாரு. இது எந்திரிச்சு, சார், நண்டு சாவல சார், சாமி ஆயிட்ச்சுன்னுது.

கிளாசே உயுந்து உயுந்து சிரிச்சுதாம். சாரு சிரிக்கல. இன்னொரு தடவ சொல்லும்மான்னாரு. பூராக் கதையும் கேட்டாரு. பேப்பருக்கு எழுதினத அங்கியே கிழிச்சுப் போட்டுட்டு, இத்த நீயே மொதல்லர்ந்து பண்றியான்னாரு. வேற வாத்தியாரா இருந்தா அந்தப் பொண்ண வெளிய நிக்க வெச்சிருப்பான். இத்த நான் அவரப் புகழறதுக்கு சொல்லல. நடந்தத சொல்றேன்.

அது இன்னா பண்ணுச்சு தெரியுமா? வூடு வூடாப் போச்சு. பொம்பளைங்களாண்ட குந்தி, செவப்புப் பொட்டு அம்மனோடது, அத்த உட்டுடுங்க, நீலப் பொட்டு எங்க காலேஜோடது, அத்தப் பாத்தா எனக்கு சொல்லுங்கன்னுது. எப்பிடி கீது? அம்மனுக்கும் காலேஜுக்கும் பாகம் பிரிச்சுக் குட்துட்ச்சு. அப்பால பாருங்க, சேத்துலர்ந்து போனு மேல போனு. அம்மு, உன் நீலம் இங்க ஒண்ணு கீதுடி. அம்மு, உன் நீலத்துக்கு ஒரு காலு இல்லடி.

பிரின்சிபாலாண்ட சாரு நின்னு நின்னு, காலேஜ்லயே பசங்க ஆராய்ச்சிக்குன்னு கொஞ்சம் ஒதுக்க வெச்சாரு. துட்டு ஒதுக்குனாங்க, எடம் ஒதுக்கல. சோதன பண்ண எடுத்தாந்த நண்டுக் கால எங்க வெக்கிறது? கேன்டீன் ஃப்ரிஜ்ல. கேன்டீன் வெச்சிருக்குற ஆளு, சாவியோன்னு பேரு, பால் பாக்கெட்ட எடுக்கக் கைய உட்டா கொடுக்கு வந்திருக்குது. அந்தாளு போட்ட கூச்சல் எண்ணூர் வரிக்கும் கேட்டுது. அன்னிக்கு காலேஜ்ல எவனும் காபி குடிக்கல. மைக்ராஸ்கோப்பு ஒண்ணே ஒண்ணு, அதுக்கு கிளாஸ் நேரத்துல கியூ. அந்தப் பொண்ணு எல்லாரும் போற வரிக்கும் குந்தினு இருந்து பாத்துட்டு வரும்.

எழுதிக்கிறீங்களா? எழுதிக்குங்க. ஃப்ரிஜ்ஜ மொதல்ல எழுதுங்க.

கண்டுபுடிச்சுதே. கரண்டு கம்பெனிலர்ந்து சாம்பத் தண்ணி வர்ற பக்கம் நண்டு எட்டிக் கூடப் பாக்கல. செத்துப் போவல மேடம், ஒதுங்கிப் போவுது. தோ சேத்துல வேர ஊனிகினு இந்தக் கண்டல் செடி கீதே, இங்க வந்து ஒண்டிக்குது. இத்த வெட்டுனா அதுக்குப் போக்கெடம் இல்ல. இத்த கோவாவுல பெரிய பெரிய ஆளுங்க குந்தினு கீற மீட்டிங்குல அந்தப் பொண்ணு இங்கிலீசுல சொல்லிச்சாம். சொன்னதும் அங்க கீறவங்க, நீ இங்கியே வந்து படின்ட்டாங்க.

அப்ப தான் சாரு என் வூட்டுக்கு வந்தாரு. அப்ப பேசிகினு தான் இருந்தோம். தரையில தான் குந்துனாரு. செல்லம்மா நண்டுக் கொழம்பு வெச்சா. பொட்டு வெக்காத நண்டு தான், பயப்படாதீங்க. வாத்தியாரு நண்டப் பத்தி அவ்ளோ படிச்சவரு, ஒடச்சுத் துன்னத் தெரியல. நான் தான் ஒடச்சு ஒடச்சு இலையில வெச்சேன். துன்னு முடிச்சு கையக் கழுவிகினு வந்து சொன்னாரு. தாமோதரா, கொஞ்ச வருசம் அனுப்பி வை. படிக்க வெச்சு நம்ம காலேஜ்லயே வாத்தியாரா கொண்டாந்து நிறுத்துறேன், இது என் பொறுப்புன்னாரு. நான் ஒடச்சுக் குட்த நண்டத் துன்ன வாய்.

யாரையா? அம்முவ தான். இன்னா மேடம் நீங்க, இவ்ளோ நேரம் நான் பேசினதக் கேட்டுமா தெர்ல? என் பொண்ணு தாங்க அது.

எங்க அக்கா பையன் திருமுருகனுக்குன்னு பேசி வெச்சிருந்த பொண்ணு. அனுப்பி உட்டேன். அக்கா பேசறத நிறுத்திட்டா, அவ பேசலன்னதும் அவ வூட்டுக்காரரும் நிறுத்திட்டாரு. பேசாத மூணு பேரு கணக்கு சரியாப் போச்சா? திருமுருகன் பேசுவான். அவனுக்குக் கல்யாணம் ஆயி நல்லாக் கீறான்.

அவ டாக்டர் ஆயிட்டா இப்ப. ஊசி போட்ற டாக்டர் இல்ல, நண்டு டாக்டர். நார்வேன்னு ஒரு தேசம், அங்கர்ந்து கூப்புட்டுகீறாங்களாம். அங்க நண்டு ஒண்ணொண்ணும் அண்டா சைஸாம். பொங்கலுக்குள்ள பதில் சொல்லணுமாம். போன்ல சொல்றா. நான் இன்னா சொல்றது? அங்க குளிருமேன்னேன்.

வந்துடும்மான்னு ஒரு வார்த்த சொன்னா நாளைக்கு ரயில் ஏறிடுவா. அதான் சொல்லல. வந்து இன்னா பண்ணுவா? சாவியோ ஃப்ரிஜ்ல பாலுக்குப் பக்கத்துல கொடுக்க வெப்பாளா? என் மூஞ்சப் பாத்துகினு எத்தினி நாளு குந்தினு இருப்பா? வேலைக்குன்னு வரணும் மேடம். அப்பன் கூப்ட்டான்னு வரக் கூடாது. இங்க லேப்புன்னு ஒண்ணு வந்தா ஒரு ஆளு எடுப்பாங்களாம், பிரின்சிபாலே வாயத் தொறந்து சொல்லிகீறாரு, அம்முவ எழுதிப் போட சொல்லுன்னு. அவளும் கேட்டுகினே கீறா. நைனா, நம்ம காலேஜுக்கு இன்னா ஆச்சுன்னு.

இத்தல்லாம் சாரு சொல்லிக் குட்து சொல்றேன்னு நெனைக்காதீங்க. அவரு சொல்லவும் மாட்டாரு, வெக்கப்படுவாரு. அவருக்கும் ரிட்டேர் ஆவற வயசு வந்துட்ச்சு. அதான் எனக்கு பேஜாரு. வீட்டுக்குப் போய் குந்திட்டாருன்னா நான் யாராண்ட போய் கேக்குறது?

அந்தப் பொட்டா? கேப்பீங்கன்னு தெரியும். சாரு அத்த உட்டு எவ்ளோ காலம் ஆவுது. இப்ப பொம்பளைங்களே வெக்கிறாங்க, எதுனா வேண்டுதல்னா. போன வாரம் நீங்க வரப் போறீங்கன்னு சாரு செல்லம்மாவாண்ட சொன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே ஒரு பெட்ட நண்டு வேணும்னா. பொட்டு வெச்சு, நான் பாக்கலன்னு நெனச்சுகினு ஏதோ சொல்லி அழுதுட்டு உட்டா. எனக்கு இதுலல்லாம் நம்பிக்க கெடியாது மேடம். நண்ட ஒண்டி நான் புட்ச்சுக் குட்தேன். இவ்ளோ பெரிய தண்ணில அது நேரா உங்களுக்குத் தூக்கிக் காட்ன கூட்டுல வந்து குந்தும்னு எனக்கு இன்னா தெரியும்?

கரை வந்துட்ச்சு. அதோ கை ஆட்றாரு பாருங்க. நீங்க ஆட்டுங்க, நான் ஆட்ட மாட்டேன். இங்க பேசினத அவராண்ட சொல்லிடாதீங்க. தலைக்கு ஏறிக்கும்.

பாத்து எறங்குங்க, சேறு முழுங்கும். சாரு கை குடுப்பாரு, புட்ச்சிக்குங்க. சேத்துல எறங்குற எல்லாருக்கும் கை குடுப்பாரு மனுசன், அதுல ஒண்ணும் கொற சொல்றதுக்கில்ல. என் வூட்டுக்குத் தர வேண்டியத ஒண்டி இன்னும் தரல.