எஞ்சின் நின்ற பிறகு

கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த இரண்டு பெண்களும் ஓசூரிலிருந்தே தூங்கிக்கொண்டு வந்தார்கள். இருவர் மேலும் ஒரே கம்பெனியின் நீலக் கோட். சூளகிரியில் பாதி பஸ் காலியானதும், ஜன்னலோரத்தில் இருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"நேத்து பரீட்சையில என் ராக்கெட் பாதியிலயே விழுந்துருச்சுடி, கீதா."

எனக்கு இருந்த தூக்கமும் போயிற்று.

"ஏன்?"

"கிளம்பும்போது இருந்த முடுக்கத்தையே கடைசி வரைக்கும் வெச்சுப் பெருக்கிட்டேன். எரிய எரிய ராக்கெட்டோட எடை குறையும், முடுக்கம் ஏறிட்டே போகும். துளித்துளி நேரமா பிரிச்சுக் கூட்டணும். அதான் இன்டக்ரேஷன்."

"இப்ப ஆளுங்க இறங்குனதும் இந்த பஸ் நல்லா இழுக்குதே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

கீதா கொஞ்ச நேரம் மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த மாசம் நம்ம கான்ட்ராக்ட் முடியுது. கரஸ்பாண்டன்ஸ்ல நீ டிகிரி முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கே. என்னடி பண்ணப் போற?"

மேலுமலை இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க டிரைவர் எஞ்சினை அணைத்தார். பஸ் தன்பாட்டுக்கு ஓடியது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"எரிபொருள் தீர்ந்துட்டா ராக்கெட் விழுந்துருமா?" என்றாள் கீதா.

"உடனே விழாது. வந்த வேகத்துல இன்னும் மேலதான் போகும்."

"எவ்வளவு தூரம்?"

"அதான் கடைசிக் கேள்வி. நான் போடறதுக்குள்ள பேப்பர வாங்கிட்டாங்க."