சாத்திரியாரின் கொம்பியூட்டரும் அரை மணித்தியாலமும்

பழசென்று கொம்பியூட்டரைத் தூக்கி எறிகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சித்தாண்டியில் கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ செத்த பெட்டிகளுக்கு லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்திருக்கிறேன்.

சாத்திரியார் வினாயகமூர்த்தியின் பெட்டியும் அப்படித்தான் வந்தது. "மனே, சாதகம் கணிக்கிற புரோகிராம் மட்டும் ஓடினாக் காணும்," என்றார். அது விண்டோஸுக்கென்று எழுதியது, லினக்ஸில் ஓடாது. நடுவில் வைன் என்ற மென்பொருளைப் போட்டு, 'நீ விண்டோஸில்தான் இருக்கிறாய்' என்று அதை நம்பவைக்க வேண்டும். நேரம் என்ன, நாடு என்ன என்று அது கேட்பதற்கெல்லாம் நாம் சொல்லிவைத்த பதில்தான் போகும். பொய்தான், ஆனால் ஒருவருக்கும் கெடுதலில்லாத பொய்.

நேரத்தில் மட்டும் ஒரு சிக்கல். தொண்ணூற்றாறில் அரசாங்கம் கடிகாரத்தை மாற்றியது. பத்து வருடமளவில் நாடு அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. வாவிக்கு அந்தப் பக்கம், இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரையில் பழைய நேரமே நடந்தது. அப்போது பிறந்த பிள்ளைகளுக்குத்தான் இப்போது கலியாணப் பேச்சு. அந்தக் கணக்கையும் சரியாகப் போட்டுக் கொடுத்தேன். சாத்திரியார் மனம் குளிர்ந்து போனார்.

பிறகு கம்சாயினிக்குக் களுதாவளையில் இருந்து ஒரு இடம் வந்தது. கம்சாயினி பக்கத்துப் போட்டோகொப்பிக் கடையில் நிற்கிறவள். நான் அவளைக் கட்ட நினைத்திருந்தேன், சொல்லத்தான் வாய் வரவில்லை. மாப்பிள்ளை நல்ல பொடியன், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய பழைய குறிப்பு சுனாமியோடு போய்விட்டதால் புதிதாகக் கணிக்க வேண்டும் என்றார்கள். சர்வீஸ் என்று சொல்லிப் பெட்டியை வாங்கி, அந்த அரை மணித்தியாலக் கணக்கை எடுத்துவிட்டேன். ஒன்பதில் இருக்க வேண்டிய செவ்வாய் எட்டுக்குப் போனது. செவ்வாய் தோசம் என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிப் போனார்கள். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்தது நான்தான்.

"எனக்கு மட்டும் ஏன் அண்ணா இப்பிடி?" என்று என் கடையில் வந்திருந்து அழுதாள். சோடா வாங்கிக் கொடுத்தேன். 'அண்ணா' என்றதுதான் நெஞ்சில் குத்தியது.

வேறு இடம் வந்தாலும் வரும் என்று அதை அப்படியே விட்டுவைத்தேன். இதற்கிடையில் ஊரில் வேறு சில கலியாணங்களும் குழம்பின. ஒருத்தி பேசிய மாப்பிள்ளையோடே ஓடிவிட்டாள். அவளுக்கு நான் நல்லதுதான் செய்திருக்கிறேன்.

போன கிழமை துணிந்து என் குறிப்பைச் சாத்திரியாரிடம் நீட்டி, அவளுடையதோடு பார்க்கச் சொன்னேன். திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "வேணாம் மனே. இவளைக் கட்டினா உன்ர உசிருக்குத்தான் ஆபத்து."

அந்தச் செவ்வாயை எட்டில் வைத்தது நான்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் என் கண்ணாலேயே பார்த்தேன், எட்டில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அவள் நிற்கிற கடைப் பக்கம் போவதில்லை. கம்சாயினி பாவம்தான். ஆனால் இப்படி ஒரு தோசக்காரியை, தெரிந்துகொண்டே எப்படிக் கட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.