நாற்பத்தொன்றாவது ராஜினாமா

— மறுபடியும் சொல்லு. யாரோட ராஜினாமா?

— உங்களோடது தான் சார். காலைல வண்டில தலைமை ஆபீசுக்குப் போயிடுச்சு.

— ஏய் முத்தெழுத்து, விளையாடாத. நான் மனிதவள மேலாளர். இந்த ஃபேக்டரில ராஜினாமா வாங்குறது தான் என் வேலை. கொடுக்குறது இல்ல.

— தெரியாதா சார்? பதினோரு மாசம் ஆனா தையல் பிரிவு நாப்பது பேர்கிட்டயும் வாங்கிடுவீங்க. பத்து நாள் வீட்ல உக்கார வெச்சு, புது ஆளா திரும்ப சேத்துப்பீங்க. என் எழுத்து அழகா இருக்குன்னு எல்லார் கடுதாசியையும் என்னையே எழுத வெச்சது யாரு?

— அதுல என் பேர் எப்படி வந்துச்சு?

— நாப்பது முடிஞ்சும் கை நிக்கல சார். எதிர்ல உங்க பேர்ப்பலகை இருந்துச்சா, அப்படியே எழுதிட்டேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி.' மனப்பாடம் ஆயிடுச்சு இல்ல.

— நான் அதுல கையெழுத்து போட்டேனா?

— ராஜினாமாவ ஏத்துக்கிட்டதா நீங்க கையெழுத்து போடுற இடத்துல, வழக்கம் போல பென்சில்ல பெருக்கல் குறி வெச்சிருந்தேன். உங்க கடுதாசிலயும் ஒண்ணு வெச்சேன். நீங்க வீட்டுக்கு டைல்ஸ் வாங்குறதப் பத்தி போன்ல பேசிக்கிட்டே, குறி இருந்த இடத்துல எல்லாம் போட்டுத் தள்ளிட்டீங்க. பச்சையா நீலமான்னு கேட்டாங்க. பச்சைன்னீங்க.

— அது வாஸ்தவம் தான். இரு, தலைமை ஆபீசுக்குப் போன் போட்டு அந்தக் கட்டைப் பிரிக்கச் சொல்றேன்.

— தாராளமா சொல்லுங்க. படிக்காமலே கையெழுத்து போடுவார்னு அங்கயும் தெரிஞ்சிடும், அவ்வளவு தான். முதலாளியோட மச்சான் வேற மனிதவளம் படிச்சிட்டு, எந்த நாற்காலி காலியாகும்னு காத்துக்கிட்டிருக்காராம்.

— அந்த வெத்துவேட்டா? அவன் உக்காந்தா என் பதினோரு வருஷ சர்வீஸ் என்ன ஆவுறது?

— சுழியம் சார். ஆனா கவலைப்படாதீங்க. பத்து நாள் வீட்ல இருந்துட்டு புதுசா வந்து சேருங்க. கழிவறை எந்தப் பக்கம், தீப்பிடிச்சா எந்த வழின்னு சுத்திக் காட்டுவாங்க. எனக்கு ஒம்பது தடவ காட்டினீங்களே.

— நக்கலா? உன் தங்கச்சி கேஸ் நாளைக்கு வருதுன்னு தானே இவ்வளவு வாய்? எழுதி வெச்சுக்கோ, பத்து மணிக்கு தொழிலாளர் ஆபீஸ்ல நான் ரெண்டே நிமிஷத்துல முடிச்சிடுவேன்.

— ஏழு வருஷமா வேலை பாத்தவ சார். எட்டு மாச வயித்தோட பிரசவ லீவு கேட்டா, நீ சேந்தே ரெண்டு மாசம் தான் ஆகுதுன்னு வெளிய அனுப்பிட்டீங்க.

— காகிதம் அப்படித் தாம்மா சொல்லுது. அவளே விரும்பி விலகினா, அவளே திரும்பி வந்தா. சட்டம் காகிதத்தைத் தான் பாக்கும்.

— அப்ப உங்க காகிதத்தையும் பாத்துட்டுப் போகட்டுமே.

— அது வேற, இது வேற. நான் படிக்கவே இல்ல. விருப்பம் இல்லாம வாங்கின ராஜினாமா எந்த ஊர்லயும் செல்லாது. மேஜைல தாள எடு. வாபஸ் கடுதாசி ஒண்ணு எழுது. டைப் அடிச்சா மிரட்டி வாங்கின மாதிரி இருக்கும், கைல தான் எழுதணும்னு நானே விதி போட்டுத் தொலைச்சிருக்கேன். என் கோழிக்கிறுக்கல் யாருக்கும் புரியாது.

— சொல்லுங்க சார்.

— 'எனது ராஜினாமா செல்லாது என்று தெரிவித்துக்கொள்கிறேன்.'

— வெறும் செல்லாதுன்னா போதுமா சார்? ஏன்னு கேப்பாங்களே. மச்சான் அங்கேயே நிப்பார்.

— போடு. 'இந்தத் தொழிற்சாலையில் ராஜினாமாக்களை அவரவர் எழுதுவதில்லை. நிர்வாகத்தின் உத்தரவுப்படி ஒரே ஆள் மொத்தமாக எழுதுகிறார். படிக்காமலே கையெழுத்து வாங்கப்படுகிறது.'

— வாங்கப்படுகிறது. சரி. அந்தப் பத்து நாள் சார்? அதக் காட்டி உங்க பதினோரு வருஷத்த வெட்டிட்டாங்கன்னா?

— வெட்டிடுவாங்களா? நானே வெட்டுறவன் தானே. எழுது. 'பத்து நாள் இடைவெளி என்பது வெறும் கண்துடைப்பு. வருடம் முழுதாக முடிந்தால் நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பதால் செய்யப்படுவது. அதனால் பணித்தொடர்ச்சி அறுபடாது என்பதை மனிதவள மேலாளர் என்ற முறையில் நன்கு அறிவேன்.'

— நன்கு அறிவேன். எத்தன வருஷமா சார்?

— 'பதினோரு வருடமாக' சேத்துக்கோ. அழுத்தமா இருக்கும்.

— ரொம்ப அழுத்தமா இருக்கு சார். ரப்பர் ஸ்டாம்ப்?

— குத்து. எங்க கையெழுத்து?

— பென்சில்ல பெருக்கல் போட்டிருக்கேன் பாருங்க. ஒரு தடவ படிச்சுட்டே போடலாமே.

— நேரம் இல்ல, நான் சொன்னது தானே. இந்தா. உறைல போட்டு ஒட்டி, சாயங்கால வண்டில தலைமை ஆபீசுக்கு ஏத்திடு. நடுவுல ஒரு ஈ காக்கா கண்ணுல படக்கூடாது.

— வண்டி எதுக்கு சார், நானே கைல கொண்டு போறேன்.

— அவ்வளவு தூரமா?

— தொழிலாளர் ஆபீஸ் பக்கம் தானே சார், நாளைக்குப் பத்து மணிக்கு என் தங்கச்சியோட போயிடுவேன். அப்புறம், காலைல வண்டில போனது நாப்பது கடுதாசி தான். உங்களுக்கு நான் ராஜினாமாவே எழுதல.