ஜன்னலோரம் யாருக்கு?

கூட்டத்தை நடத்தி, என் நீளமான பேச்சையும் பொறுக்கப்போகும் தலைவர் அவர்களே! பணம் கேட்டதும் முகம் சுளித்து, மறுநாள் முதல் ஆளாய்க் காசோலையில் கையெழுத்துப் போடும் பொருளாளர் அவர்களே! இந்தச் சங்கத்தைத் தோளில் சுமந்து வளர்த்த பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! ஒலிபெருக்கி அலறியும் எழுந்து போகாத நல்லவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

என் பக்கத்தில் பஞ்சு பிதுங்கிய இந்த இருக்கையைப் பார்க்கிறீர்கள். என்ன ஐயா? நாற்காலி வாடகைக்கும் வழியில்லையா என்கிறீர்களா? இல்லை ஐயா, இது நம் சங்க வண்டியின் ஜன்னலோர இருக்கை. சிறுநீரகம் பழுதானவர்களை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு ஏற்றிச் சென்ற வண்டி அது. "இனிமே தள்ளி ஓட்டலாம் சார், நம்பி ஓட்ட முடியாது" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

வண்டி நின்றால் என்ன ஆகும்? சென்ற மாதம் பட்டறையில் கிடந்தபோது, இரண்டு பேருந்து மாறிப் போக முடியாமல் நம் தையல்கார அம்மா ஒரு முறை சிகிச்சைக்குப் போகவில்லை. மறுநாள் மூச்சு முட்டி, மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிழைத்து வந்தார். இப்போது வாடகை வண்டி ஓடுகிறது. அதற்கும் இந்த ஆண்டோடு கையிருப்பு தீர்கிறது. புத்தாண்டுக்குள் புது வண்டி வேண்டும். அதற்குத்தான் இந்த ஆண்டிறுதி நிதி திரட்டல்.

சுவரொட்டிக்குப் படம் எடுக்க ஒரு தம்பியை அழைத்தோம். பழைய வண்டியில் தையல்கார அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, "கொஞ்சம் சோகமா இருங்கம்மா" என்றார். அவ்வளவுதான்! பின்னாலிருந்து ஒரு குரல். அம்மாவின் அண்ணன், அவரும் சிகிச்சைக்கு வரும் ஓய்வுபெற்ற கண்டக்டர்.

"தங்கச்சி, எந்திரி. இன்னிக்கு என் முறை."

"போன தடவையும் நீங்கதானேண்ணே உட்கார்ந்தீங்க?"

"அது வரும்போது. போகும்போது கணக்கு வேற."

"ஊருக்கே சீட்டு பிடிச்சுக் குடுத்த மனுஷன், கூடப்பொறந்தவளுக்கு ஜன்னலோரம் விடமாட்டீங்களா?"

"ஊரையெல்லாம் உட்கார வச்சு நின்னே வந்த காலும்மா இது. நகரு!"

"அம்மா, சோகம்..." என்று கெஞ்சினார் தம்பி.

"சோகத்துக்கு வேற ஆளைப் பாருப்பா. முதல்ல இவரைக் கவனிச்சுட்டு வரேன்!"

வேறு வழியின்றி அந்தச் சண்டையையே படமாக்கினார். குழுவில் காட்டினோம். போன ஆண்டுப் படத்தில் கண்ணீர் வடிந்தது. பார்த்தவர்கள் பாவம் என்று சொல்லிக் கடந்து போனார்கள். இந்தப் படத்தைப் பார்த்ததும், கணக்குப் புத்தகத்தை விட்டு வண்டிப் பக்கமே வராத நம் பொருளாளர் என்ன கேட்டார் தெரியுமா? "யாருய்யா இவங்க? எங்க போறாங்க? கடைசியில ஜன்னலோரம் யாருக்குக் கிடைச்சுது?"

கேள்வி கேட்கும் மாணவன் பாதிக் கதவைத் திறந்துவிட்டான் என்பது என் வகுப்பறை அனுபவம். அந்தக் கடைசிக் கேள்வியே இந்தச் சுவரொட்டியின் தலைப்பு. கடைக்காரர்களே, அதைக் கல்லா அருகே ஒட்டுங்கள். கேட்பவருக்குக் கதையைச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலை, போன ஆண்டு கொடுத்தவர்களைத் தொலைபேசியில் அழைப்பது. ஆனால், கேட்பதற்கு முன் நன்றி சொல்ல வேண்டும்! மருந்துக்கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்: "வருஷக் கடைசியில மட்டும் மாமியார் வீட்டை நினைக்கிற மாப்பிள்ளை மாதிரி வர்றீங்களே சார், குடுத்தது என்னாச்சுன்னு ஒரு வார்த்தை உண்டா?" தலை குனிந்தேன். இன்று காலை அவருக்குத்தான் முதல் நன்றியைச் சொன்னேன்.

அன்பர்களே! சண்டையைத் தீர்த்துவைக்க ஊரைக் கூட்டுவார்கள். நான் ஒரு சண்டை தொடர்வதற்காக ஊரைக் கூட்டியிருக்கிறேன்! சண்டை போட மூச்சு வேண்டாமா? மூச்சு நிலைக்கச் சிகிச்சை வேண்டாமா? சிகிச்சைக்குப் போக வண்டி வேண்டாமா? வண்டி வர நீங்கள் வேண்டாமா? புது வண்டியில் புது இருக்கைகள் வரட்டும். ஆனால், ஜன்னலோரத்தில் மட்டும் இந்த இருக்கைதான், புதுப் பஞ்சு வைத்துப் பொருத்தப்படும். புத்தாண்டின் முதல் பயணத்தில் இதில் உட்காரப்போவது...

"நான்தான் சார்!"

முன்வரிசையில் தையல்கார அம்மா எழுந்துவிட்டார். அதோ, கண்டக்டரும் எழுகிறார்.

"போகும்போது நீ. வரும்போது நான்!"

கேட்டீர்களா? இருவரும் திரும்பி வருவதாகவே பேசுகிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் காப்போம். கேட்ட செவிகளுக்கும் கொடுக்கப்போகும் கைகளுக்கும் என் நன்றி. வணக்கம்.